வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய நாய்

நன்னிலத்தில் எங்கள் வீட்டின் முன்னறையை எஸ்.டி.டி. பூத்தாக மாற்றியிருந்த காலம் அது. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நான்தான் பூத்துக்கு விண்ணப்பம் போட்டேன். ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் கையகல மின்விசிறி. காத்திருப்பவர்களுக்கு வெளியே ஒரு பெஞ்சு.

எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று காலையிலிருந்தே பெஞ்சில் இடம் இருக்காது. கூண்டின் கதவு சரியாக மூடாது. உள்ளே பேசுவது என் மேசை வரை கேட்கும். கேட்டதை நான் வெளியே சொன்னதில்லை, கணவரிடம்கூட. அதைக் கொள்கை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கேட்காத மாதிரி இருந்து இருந்து அதுவே பழக்கமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் வருகிறவர்களில் பின்தெருப் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயது இருக்கும். புருஷன் வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தான். ஊரில் கொஞ்சம் குத்தகை நிலம், ஒரு பசு, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவன் முதலில் எனக்குத்தான் போன் செய்வான். "அக்கா, வீட்ல கொஞ்சம் கூப்பிட்டு விடுங்கக்கா, பத்து நிமிஷம் கழிச்சு பேசறேன்" என்பான். நாங்கள் அந்தப் பக்கம் குடிவந்தபோது அவன் ஏற்கெனவே போய்விட்டிருந்தான். குரலைத் தவிர அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நடுவில் ஒரு முறை லீவில் வந்தான். அந்த நேரம் பார்த்து நாங்கள் என் தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தோம்.

அவன் திரும்பிப் போன பிறகு அவள் ஒரு நாய்க்குட்டி வாங்கினாள். வாங்கச் சொன்னதே அவன்தான். அங்கே ஒரு எஞ்சினியர் வீட்டில் வெள்ளை வெளேரென்று பொமரேனியன் இருந்ததாம். "அந்த ஊர்ல என்னைப் பாத்தா வாலாட்டுறது அது ஒண்ணுதான்னு சொல்றாருக்கா" என்று அவள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். கும்பகோணத்தில் யாரோ பொமரேனியன் என்று சத்தியம் செய்து கொடுத்த குட்டி, பார்க்க வெளுப்பாக, புசுபுசுவென்றுதான் இருந்தது. அதைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினாள். பிறகு அது வளர வளர முடி கொட்டியது, கால்கள் நீண்டன, நிறம் வைக்கோல் மாதிரி ஆனது. ஒரு காது நிமிர்ந்து நின்றது. இன்னொன்று மடிந்தே இருந்துவிட்டது. கடைத்தெருவில் திரியும் நாய்களோடு விட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

வெள்ளிக்கிழமைகளில் அதைக் கூட்டிக்கொண்டு வந்து பூத்துக் கம்பியில் கட்டிவிட்டு உள்ளே போவாள். அவன் நாயைப் பற்றிக் கட்டாயம் கேட்பான். "ஆமாங்க, பஞ்சு மாதிரி இருக்கு. குளிப்பாட்டி விட்டா ரோட்ல போறவங்க எல்லாம் நின்னு பாக்குறாங்க" என்று இவள் சொல்வாள். வெளியே அது மண்ணில் புரண்டு முதுகைச் சொறிந்துகொண்டிருக்கும். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். நானும் சிரித்திருக்கிறேன். அதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது என்றுதான் அப்போது தோன்றியது.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. வெள்ளிக்கிழமை இல்லை. பேசியது அவன் இல்லை, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர். "சாரம் சரிஞ்சிடுச்சுங்க. மேலேர்ந்து விழுந்துட்டான். தலையில அடி, கால்லயும் அடி. உயிருக்கு ஒண்ணும் இல்லங்கறாங்க. வீட்ல நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார். நான் பூத்தைச் சாத்திவிட்டு நடந்தேன். அவள் வயலில் இருந்தாள். வரப்பில் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்று முடியைக் கீழே வைத்தாள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்றே நினைத்திருந்தேன், அதற்குள் "சாரத்துல ஏன் ஏறினாரு? அவருக்கு ஆபீஸ்லதானே வேலை?" என்று கேட்டாள். அப்போதுதான் உறைத்தது, நான் விஷயத்தைச் சொல்லியே முடித்துவிட்டேன் என்று. எப்போது சொன்னேன், என்ன வார்த்தையில் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

சில வாரங்களில் கம்பெனிக்காரர்கள் அவனைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் கிளம்ப வேண்டும். குழந்தையை முத்துப்பேட்டையில் இருந்த அண்ணன் வீட்டில் விட ஏற்பாடு செய்தாள். நாயை அங்கே ஒத்துக்கொள்ளவில்லை, அண்ணிக்கு மாசம் நிறைந்திருந்தது. கிளம்பும் அன்று காலை கயிறும் ஒரு அலுமினியத் தட்டும் கையுமாக வந்து நின்றாள்.

"பத்து நாளுக்கா. பதினஞ்சு நாள்னு வச்சுக்கங்க. வேற யாரையும் எனக்குத் தெரியல."

"இரு, சாரைக் கேட்டுட்டு" என்று ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து கணவர், "விட்டுட்டுப் போகச் சொல்லு" என்றார். அவருக்கு நாய் என்றால் பயம். எதற்காக அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் சில நாட்கள் அது சாப்பிடவே இல்லை. காலையில் கயிற்றை அவிழ்த்தால் நேராகப் பூட்டிய வீட்டுக்குப் போய் வாசற்படியில் படுத்துக்கொள்ளும். வெயில் ஏறியதும் நான் போய்க் கூட்டிவர வேண்டும். எனக்கு நாய் வளர்த்துப் பழக்கமில்லை. எதற்குக் குரைக்கிறது, பசியா, கோபமா, மூத்திரமா என்று ஒன்றும் விளங்காது. அதட்டலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. நம் நாயாக இருந்தால் அதட்டலாம், இது பிறத்தியார் நாய். விருந்தாளி என்று வைத்துக்கொண்டால், விருந்தாளியை யாராவது கயிற்றில் கட்டுவார்களா? மீன் குழம்புச் சோற்றைத்தான் முதலில் தொட்டது. தட்டை நக்கிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பெரிதாக எதையோ சாதித்துவிட்டது போல எனக்கு இருந்தது. உடனேயே பயமும் வந்தது. இது என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டால் திருப்பிக் கொடுக்கும்போது அதற்கு என்ன ஆகும்?

தீபாவளிக்கு வெடிச் சத்தம் தாங்காமல் அது கண்ணாடிக் கூண்டுக்குள் புகுந்துகொண்டது. எவ்வளவு இழுத்தும் வெளியே வரவில்லை. அன்று போன் பேச வந்தவர்கள் எல்லோரும் காலை ஒடுக்கிக்கொண்டு, நடுங்குகிற நாய்க்கு மேலே உட்கார்ந்து, சிங்கப்பூருக்கும் மஸ்கட்டுக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கோயிலுக்குப் போனால் பின்னாலேயே வரும். ஆராதனை முடியும்வரை வெளியே செருப்புகளுக்கு நடுவில் படுத்திருக்கும். "டீச்சர் வீட்டு நாய்" என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் சொன்னார். வாத்தியார் மனைவி என்பதால் சபையில் என்னையும் டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். எங்கள் நாய் இல்லை என்று திருத்தத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த வார்த்தை காதுக்கு நன்றாக இருந்தது. சும்மா இருந்துவிட்டேன்.

சென்னையிலிருந்து அவள் வாரம் ஒரு முறை பேசினாள். தலையில் ஆபரேஷன் நடந்தது. பிறகு காலில் கம்பி வைத்தார்கள். நாயைப் பற்றி அவள் கேட்பதில்லை. நானாகச் சொல்லவும் தயக்கம். அங்கே அவள் புருஷன் ஆளை அடையாளம் தெரியாமல் கிடக்கிறான், நான் போய் நாய் மீன் தின்றது என்று சொல்வதா? ஒரு நாள் அவளே கேட்டாள்.

"அக்கா, அது இருக்கா?"

"இருக்கும்மா. நல்லா இருக்கு."

அப்புறம், "எங்கயாவது ஓடிப் போயிருந்தாக்கூட பரவால்லன்னு தோணுச்சுக்கா. ஒரு கவலை குறைஞ்ச மாதிரி இருக்குமேன்னு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அடுத்த வாரம், "யாராவது கேட்டா குடுத்துடுங்கக்கா. உங்களுக்கும் எத்தனை நாள் சிரமம்" என்றாள்.

கேட்கவும் ஒருவர் இருந்தார். திருவாரூர் சாலையில் அரிசி ஆலை வைத்திருந்தவர், காவலுக்கு நாய் வேண்டுமென்று கணவரிடம் சொல்லியிருந்தார். எனக்கு மனதே இல்லை. ஆனால் அவளே சொன்ன பிறகு வைத்துக்கொள்ள நான் யார்? திங்கட்கிழமை ஆள் அனுப்பச் சொல்லிவிட்டோம். அதற்கு முன்பாக ஒரு போன் வந்தது. நான் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் கேட்ட குரல்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தது.

"அக்கா... நான்தாங்கா பேசறேன். நாய் உங்ககிட்ட இருக்குன்னு அவ சொன்னா. நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

"வெள்ளையா... அழுக்காகாம பாத்துக்கங்கக்கா. நான் வந்து குளிப்பாட்டுறேன்."

நான் மேசைக்கடியில் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. "சரிங்க" என்றேன். அரிசி ஆலைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினோம். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

பொங்கல் முடிந்து, அறுவடையும் முடிகிற சமயத்தில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். நாலைந்து நாள் கழித்து, அவனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு பூத்துக்கு வந்தாள். குரலை வைத்து நான் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, தலைமுடி ஒரு பக்கம் புதிதாக முளைத்துக்கொண்டிருக்க, கையில் ஊன்றுகோலோடு ஒரு மனிதன் நின்றான். நாய் அவளைப் பார்த்ததும் கயிறு அறுந்துபோகும் அளவுக்குத் துள்ளியது, ஊளையிட்டது, அவள் முகம் முழுக்க நக்கியது. பிறகு அவன் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டி உறுமியது. எப்படி உறுமாமல் இருக்கும்? அது பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்ததே இல்லை.

அவன் அதைப் பார்த்தான், பூத்துக்குள் பார்த்தான், எங்கள் வீட்டு உள்நடையைப் பார்த்தான்.

"நாய் எங்க?" என்றான்.

"இதாங்க" என்றாள் அவள்.

"இது இல்ல. நம்மது வெள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்த அந்தப் பழைய பார்வை இல்லை இது. பிறகு அவன் தோளைத் தொட்டு, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல், "உங்களுக்கு மறந்துபோச்சுங்க. அடிபட்டதுல எல்லாம் மாறிப் போயிருக்கு. இதுதான் நம்ம நாய்" என்றாள்.

அவன் முகம் அப்படியே சுருங்கியது. "அப்படியா?" என்றான். என் பக்கம் திரும்பி, "அக்கா, அப்படியா?" என்றான்.

"இது உங்க நாய்தாங்க" என்றேன். சொன்னது உண்மைதான். ஆனால் அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை.

நாய் உறுமிக்கொண்டே இருந்ததால் அன்று அதைக் கூட்டிப் போகவில்லை. இன்னும் சில நாள் என்னிடமே இருக்கட்டும் என்று விட்டுப்போனார்கள். நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். பூத்தில் காதில் விழுந்த ஒன்றை அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. "அது குடும்ப விஷயம். நீ ஏன் குழப்பிக்கிற?" என்றார். குழம்பத்தான் செய்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். வேறு என்ன சொல்வது என்று அந்த நொடியில் தோன்றியிருக்காது. என்றாலும் அவன் முகம் சுருங்கியது என் கண்ணிலேயே நின்றது.

ஒரு வாரத்தில் அவளே வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, நாயின் காதைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"எதையும் நம்ப மாட்டேங்கறாருக்கா. குழந்தை எந்த வகுப்பு படிக்குதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். ஆனா எங்கிட்ட கேட்டுக்குறாரு. மாத்திரை போட்டேனா இல்லையான்னு கேக்குறாரு. மாடி ரூம் பூசாம கெடக்கு. பூசியாச்சுன்னு நான் போன்ல சொல்லியிருந்தேன், கொத்தனார் பாதியில விட்டுட்டுப் போனதைச் சொன்னா அங்க உக்காந்து வருத்தப்படுவாரேன்னு. இப்ப அதைப் பாத்துட்டு ஒண்ணுமே கேக்கல. 'எனக்குத்தான் ஞாபகம் தப்பு'ன்னு தலையில அடிச்சுக்குறாரு. பசு செத்ததையும் சொல்லல. கொட்டாய் காலியா இருக்கு, பாத்துட்டு, நாம பசு வச்சிருந்தமான்னு கேக்குறாரு."

"சொல்லிடேம்மா. போன்ல வெள்ளைன்னு சொன்னது நாந்தான்னு சொல்லிடு."

"ஒண்ணைச் சொன்னா மிச்சத்தையும் கேப்பாருக்கா."

"கேக்கட்டுமே."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அவரு மட்டும்? ஏசி ரூம்ல உக்காந்து எழுதற வேலைன்னுதான் எனக்குச் சொன்னாரு. இத்தனை வருஷமா வெயில்ல சாரத்து மேல நின்னுருக்காரு. அதை நான் யார்கிட்ட போய் கேக்குறது? தலையில கட்டோட இருக்கற மனுஷன்கிட்டயா?"

கூண்டுக்குள் ஒருவர் துபாயில் இருக்கும் தம்பியிடம், அம்மா நன்றாக நடமாடுகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா படுக்கையில் கிடப்பது ஊருக்கே தெரியும். அவரையும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் கூண்டுக்குள் யார்தான் முழுசாக உண்மை பேசியிருக்கிறார்கள்? பொய் பேசினார்கள் என்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கு என்ன பேசுவது என்று எனக்கே தெரியாது. மகன் விடுதியிலிருந்து பேசினால் நானும் எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை அவன் தனியாக வந்தான். ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். நாய் எழுந்து என் காலடிக்கு வந்து நின்று அவனையே பார்த்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும். அவ போன்ல வெள்ளைன்னு சொன்னாளா? இல்ல, நானா நெனைச்சுக்கிட்டதா?"

நான் கையிலிருந்த பேனாவை மூடினேன், திறந்தேன். வீட்டுக்குப் போய் அவளையே கேளுங்கள் என்று சொல்லலாம். அவள் மறுபடியும் உங்களுக்கு மறந்துபோச்சு என்றால் இவன் என்ன ஆவான்? நான் சொன்னால் அவளுக்கு நான் என்ன ஆவேன்? அவள் என்னை நம்பி நாயை விட்டுப்போனவள். ஆனால் இவனும் என்னை அக்கா என்றுதான் எத்தனையோ வருஷமாகக் கூப்பிட்டிருக்கிறான். சரி தப்பு என்று யோசித்து முடிவு செய்தேன் என்றால் அது பொய். அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை, அதனால் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சொன்னா. நான் கேட்டிருக்கேன். உங்க ஞாபகம் சரியாத்தான் இருக்கு."

"பஞ்சு மாதிரின்னு?"

"பஞ்சு மாதிரின்னுதான் சொன்னா. குட்டியில அப்படித்தாங்க இருந்துச்சு. வளர வளர இப்படி ஆயிடுச்சு. உங்களை ஏமாத்தணும்னு இல்ல. நீங்க ஆசைப்பட்டீங்கன்னு சொன்னா."

கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அழுகிறானா என்று பயந்து எழுந்தேன். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்தது. "அப்ப தலை சரியாத்தான் இருக்கு" என்றான். "நான் பைத்தியமாயிட்டேன்னே முடிவு பண்ணிட்டேங்கா. பசு?"

"இருந்துச்சு. நீங்க விழறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு."

"ம்."

மேலே என்ன கேட்பானோ என்று இருந்தபோது அவள் வந்துவிட்டாள். வீட்டில் ஆளைக் காணோம் என்று தேடி ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. அவன் சொன்னான், "நாய் வெள்ளைன்னு நீ சொன்னியாமே. அக்கா சொன்னாங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமா, சொன்னேன்" என்றாள். "நீங்க ஆபீஸ் வேலைன்னு சொன்னீங்க."

பெஞ்சில் போனுக்குக் காத்திருந்த இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். பிறகு புருஷன் கையைப் பிடித்து எழுப்பி, கண்ணாடிக் கூண்டுக்குள் கூட்டிப்போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான், அவள் நின்றாள். நான் எழுந்து உள்ளே அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர்கள் பேசியது என்ன என்று எனக்குத் தெரியாது. உலை கொதித்து அரிசி களைந்து போட்டு வந்தபோது கூண்டு காலியாக இருந்தது. நாய் மட்டும் அங்கேயே இருந்தது, கூண்டுக் கதவை மோந்துகொண்டு.

மறுநாள் மத்தியானம் அவன் வந்தான். "அது வீட்டுக்கு வந்தா என்னைத் திருடன்னு நெனைச்சு கடிச்சுடும். இங்க வச்சுப் பழகிக்கறேங்கா. உங்களுக்கு தொந்தரவு இல்லன்னா" என்றான். அப்போதிலிருந்து தினம் மத்தியானம் வருவான். பெஞ்சில் ஒரு ஓரத்தில் அவன், மேசைக்கடியில் அது. டீக்கடையிலிருந்து பொறை பிஸ்கட் வாங்கி வருவான். முதலில் அவன் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டால்தான் அது எடுக்கும். பிறகு பார்க்கும்போதே எடுத்தது. ஒரு நாள் கையிலிருந்து எடுத்தது. அவன் ஒன்றும் பெரிதாகக் கொண்டாடவில்லை. "பல்லு நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னான். நாயோடு அவன் பேசுவான், தாழ்ந்த குரலில். சாரத்து வேலை, அங்கே வெயில், தண்ணீர் லாரி என்று எல்லாம் அதனிடம் சொல்வான். நான் பழக்கப்படி கேட்காதது போல் இருந்தேன். தெருவில் ஒருத்தி, "உங்க வீட்ல தினம் ஒரு ஆள் உக்காந்திருக்காரே" என்று கேட்டாள். எப்படிப் பதில் சொல்வது என்று தெரியாமல், நாயைப் பார்க்க வருகிறார் என்றேன். உண்மையைச் சொன்னபோது அது சமாளிப்பு மாதிரிதான் ஒலித்தது.

மாசி கடைசியில் கூட்டிப்போனார்கள். ஒரே நாளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுக்குள் அவன் கட்டிலில் படுத்ததும் அது வாசலில் நின்று விடாமல் குரைத்ததாம். மறுபடியும் பெஞ்சு, மறுபடியும் பொறை. இரண்டாவது தடவை கூட்டிப்போனபோது திரும்பி வரவில்லை. கயிற்றை அவன்தான் பிடித்திருந்தான். ஊன்றுகோல் ஒரு கையில், கயிறு ஒரு கையில். அதுவும் இழுக்காமல் அவன் வேகத்துக்கு நடந்தது. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். பார்க்காததும் நல்லதுதான் என்றும் நினைத்தேன். அன்று சாயங்காலம் பழக்கத்தில் மூன்று பேருக்கு மீன் வறுத்துவிட்டேன். கணவர் மிச்சத்தையும் சாப்பிட்டார்.

அவன் திரும்ப வெளிநாடு போகவில்லை, போகவும் முடியாது. விட்ட குத்தகையைத் திரும்பப் பிடித்து, வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினான். கடைசிவரை காலை விந்தித்தான் நடந்தான். அவள் மட்டும் எங்கள் பூத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். முத்துப்பேட்டை அண்ணனோடு பேச, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த வேறு பூத்துக்குப் போனாள். அவ்வளவு தூரம் நடந்து. தெருவில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாக்கா?" என்பாள். சிரிப்பாள். என் மேல் கோபமா, அல்லது தன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள் முன் மறுபடியும் பேசக் கூச்சமா என்று எனக்குப் புரியவில்லை. கேட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்து, அவள் தலையைக் கண்டதும் விட்டுவிடுவேன். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவளே ஒரு நாள் சொல்லியிருப்பாளோ? அவளுக்கு அந்த வாய்ப்பை நான் எடுத்துவிட்டேனோ? கணவர், "அந்த ஆள் பொழச்சான், அதைப் பாரு" என்பார். அதுவும் சரிதான்.

இதற்கிடையில் எங்கள் வீட்டில் பிராணிகளை விட்டுப் போகலாம் என்று ஊரில் எப்படியோ பேச்சுப் பரவிவிட்டது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் தஞ்சாவூர் போன ஓர் அம்மா கிளியைக் கூண்டோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மருமகளின் பிரசவத்துக்கு மகன் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டான் என்று ஒரு வயதான தம்பதி பூனையை விட்டார்கள். அந்தப் பூனையைத் திரும்ப வாங்க யாரும் வரவில்லை. எங்கள் வீட்டிலேயே கிழமாகிச் செத்தது. யாரையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் தெரியவில்லை. எனக்குப் பிராணிகள் மேல் அப்படி ஒன்றும் உயிர் இல்லை.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஒரு காலை பூத்தைத் திறந்துகொண்டிருந்தேன். அவள் நாயோடு வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணனுக்கு மாரடைப்புக்கா. முடியாம இருக்காராம். நாங்க எல்லாரும் கெளம்பறோம். நாலஞ்சு நாள் பாத்துக்கங்க."

"போயிட்டு வாம்மா. போனவுடனே ஒரு போன் பண்ணு" என்றேன்.

"ம்" என்றாள். கயிற்றைக் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள். என்னை மன்னித்துவிட்டாளா, இல்லை வேறு இடம் இல்லாமல்தான் வந்தாளா என்று யோசித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். நாய்க்கு அந்த யோசனை எதுவும் இல்லை. உள்ளே போய் மேசைக்கடியில் படுத்துவிட்டது.

அன்று சாயங்காலமே போன் வந்தது. அவள்தான். அண்ணன் பிழைத்துக்கொண்டார் என்று சொன்னாள். நாய்க்கு மீன் முள்ளைப் போட்டுவிடாதீர்கள் என்றாள்.